ஒரு புருவம் பாக்கி

ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருக்கும் பெண், தன் சொந்த அண்ணியின் பார்லருக்கே சீல் வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள்? புருவம் எடுக்கும்போது அண்ணி ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டாளாம். கண்ணாடியைப் பார்த்தவளுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டதாம். பையில் எப்போதும் இருக்கும் அரக்கையும் முத்திரையையும் எடுத்து அந்த நிமிஷமே கதவைப் பூட்டிச் சீல். டீக்கடையில் கதை இவ்வளவுதான். பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது: ஒரு புருவமே போய்விட்டதாம், அந்த இடத்தில் தினமும் மையால் வரைந்துகொண்டுதான் அலுவலகம் போகிறாளாம். காய்கறிச் சந்தையில் அதற்கும் ஒரு படி மேல். அண்ணியை உள்ளே வைத்தே பூட்டிவிட்டாளாம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நகராட்சிக்கு எத்தனையோ அதிகாரம் உண்டு. கடையை மூடலாம், கிணற்றை மூடலாம், பள்ளிக்கூடத்தை மூடலாம். ஊர் வாயை மூட மட்டும் சட்டத்தில் பிரிவு கிடையாது.

சரி, இதில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பார்லருக்கு அடுத்த கடை தையல்காரருடையது. நடுவில் ஒரே ஒரு சுவர்.

"நேர்ல பார்த்தீங்களா?"

"பார்க்கல. பார்த்தவங்க சொன்னாங்க."

"யார் பார்த்தது?"

"எதிர்க்கடை பாத்திரக்காரர்."

பாத்திரக்காரரைக் கேட்டால், "தையல்காரர்தான் சொன்னாரு, அவருக்குத்தான் பக்கத்துச் சுவராச்சே" என்கிறார். சாட்சிகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கிறார்கள். தரையில் யாரையும் காணோம்.

கடைசியில் வாயைத் திறந்தவர், நகராட்சியில் கொசுப்புகை அடிக்கும் ஊழியர். ஊரில் அவருக்குப் பெயரே புகைக்காரர். சீல் வைத்த அன்று கூட இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஒரு புருவம்தான் எடுத்திருந்துச்சு. அது நிஜம். கோபத்துல சீல் வச்சாங்கன்றது சுத்தப் பொய். கண்ணு ரெண்டும் கலங்கிப் போயி வச்சாங்க. இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, அந்த அம்மா எனக்கு மெமோ குடுத்துரும்."

சொல்லவில்லை. மீதிக் கதைக்குப் போகலாம்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் சீலக்கா. வயது நாற்பதைத் தாண்டியும் அக்காதான். அம்மா என்று கூப்பிட்டால் மரியாதை கூடுமே தவிர பயம் குறைந்துவிடும் என்று ஊருக்கு ஒரு கணக்கு. அவள் தோளில் தொங்கும் தோல் பைக்குள் ஒரு டார்ச், கையுறைகள், குடிநீரில் மருந்து போதுமா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய், பசை டப்பா, நோட்டீஸ் கட்டு, அரக்கு, தீப்பெட்டி, பித்தளை முத்திரை. அவள் ஓட்டலுக்குள் காலெடுத்து வைத்தால் மேஜை துடைக்கிற துணிதான் முதலில் ஓடி ஒளியும். கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்களைப் பந்திக்கு அழைப்பார்கள், அவளை மட்டும் சமையற்கட்டுக்கு. "மேடம், நீங்களே ஒரு பார்வை பார்த்துருங்க, எல்லாம் கொதிக்க வச்ச தண்ணி." வாழ்த்த வந்தவள் தண்ணீரைச் சோதித்துவிட்டுத் திரும்புவாள்.

அவளுக்கும் ஒரு காலத்தில் வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை நல்ல உத்தியோகம், நல்ல உயரம். வீடு பார்க்கப் போன இடத்தில் இவள் சும்மா இருந்திருக்கலாம். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கொசுப்புழு குடும்பம் குடும்பமாக நீந்திக்கொண்டிருந்தது. பேச்சு அன்றே முறிந்தது. மறுநாள் அந்த வீட்டுக்கு நோட்டீஸ் போனது. சம்பந்தம் போனாலும் தொட்டி சுத்தமாயிற்று என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் மாடிப்படிக் கதவைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வரவேற்றன.

நகராட்சிக் குடியிருப்பில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் அடுப்பு. அங்கே அவளைத் தொடுவது மின்விசிறிக் காற்று ஒன்றுதான். இது கேலிக்குச் சொல்வதல்ல. தொற்றைப் பற்றி நாளெல்லாம் பேசுகிறவளிடம் கைகுலுக்க ஊரில் யார் வருவார்கள்? குழந்தையைக்கூடத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். தடுப்பூசி போட்டுவிடுவாளோ என்று குழந்தைக்கும் பயம்.

அவள் முகத்தைத் தொட்ட கை ஒன்றே ஒன்று. அது அண்ணியின் கை.

அண்ணன் கப்பலில் எந்திரம் பார்ப்பவர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடல். அவருக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்கு வந்தபோது சீலக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு புருவமும் மூக்குக்கு மேலே சேர்ந்து ஒரே கோடாக இருக்கும். பள்ளியில் அவளுக்குப் பெயர் "அடிக்கோடு". ஒரு நாள் புது அண்ணி அவளை ஜன்னலோரம் இழுத்து உட்கார வைத்தாள்.

"இமையை இழுத்துப் பிடி. வலிச்சா சொல்லாத, எப்படியும் நிறுத்த மாட்டேன்."

தையல் நூலில் ஒரு முழம். ஒரு முனை அண்ணியின் பல்லிடுக்கில், மறுமுனை விரலில், நடுவில் முறுக்கு. முறுக்கு முன்னும் பின்னும் ஓடியது. கண்ணில் நீர் வந்தது, தும்மல் வந்தது. பிறகு ஒரு கட்டைவிரல் வந்து, எரிந்த இடத்தை மெல்லத் தடவிவிட்டது. கண்ணாடியில் முதல்முறையாகத் தனித்தனியாக இரண்டு கண்கள் தெரிந்தன. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போகாது என்று உலகம் முழுக்கப் பழமொழி வைத்திருக்கிறார்கள். இந்த இருவர் விஷயத்தில் எல்லாப் பழமொழியும் வாய் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டது.

அதே நூல்தான் பிறகு அண்ணிக்குத் தொழிலாயிற்று. கீழே பார்லர், மேலே வீடு. ஒரு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, முகப்பவுடர் டப்பா, ஒரு கூடை நிறைய நூற்கண்டுகள். அந்த நாற்காலியில் சீலக்கா உட்கார்ந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை, யாரும் மேஜையைத் துடைப்பதில்லை. அண்ணி தலையைப் பிடித்துப் பின்னால் சாய்ப்பாள்.

"இந்த வாரம் எத்தனை பேர் வயித்துல அடிச்ச?"

"ரெண்டு ஓட்டல், ஒரு ஐஸ் கடை."

"ஐஸ் கடையை விட்டிருக்கலாம்டி. வெயில் காலம்."

"அதுல செத்த பல்லி இருந்துச்சு அண்ணி."

"சரி சரி, கண்ணை மூடு. பல்லி கதை சொன்னா கை நடுங்கும்."

வாயில் நூல் இருக்கும்போது அண்ணி பல்லைக் கடித்தபடியேதான் பேசுவாள். சொற்கள் பாதி மூக்கால் வரும். அந்த மூச்சு முகத்தில் சுடச்சுடப் படும். சீலக்காவுக்கு உலகத்தில் அதைவிடப் பாதுகாப்பான இடம் தெரியாது.

ஆனால் தொற்றுநோய்ப் பாடம் படித்த எவரும், அதைவிட ஆபத்தான இடம் கிடையாது என்றே சொல்வார்கள்.

ஊரில் ஒரு சிறுமிக்குத் தொண்டை வலி வந்தது. சாதாரண வலி என்றுதான் நினைத்தார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படர்ந்து, மூச்சை அடைக்கப் பார்த்தபோதுதான் அது தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, என்று தெரிந்தது. தும்மலிலும் மூச்சிலும் பரவுகிற நோய். சிலருக்கு ஒன்றும் செய்யாது, ஆனாலும் தொண்டையில் குடியிருந்து பக்கத்தில் வருகிறவர்களுக்குத் தாவும். சிறுமி பிழைத்துக்கொண்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடலாம். அவள் எங்கெங்கே போனாள், அவள் வீட்டார் யார் யாரோடு பழகினார்கள் என்று தேடுகிற வேலை சீலக்காவுக்கு வந்தது. சிறுமியின் அம்மா சொன்ன இடங்களில் ஒன்று அண்ணியின் பார்லர்.

இந்த மாதிரி நேரத்தில் நகராட்சிக்கு வருகிற அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காலத்து ராஜா ஒருவன் தலையைத்தான் வாங்கலாம். சுகாதார ஆய்வாளர் தலையணையையே வாங்கிக் கொளுத்தலாம். கடையை மூடலாம், ஆளை வீட்டோடு இருத்தலாம், தொழிலை நிறுத்தலாம். சீலக்கா அந்த வாரம் ஊரெல்லாம் அதைச் செய்தாள். சிறுமியின் பள்ளி வகுப்பு மூடப்பட்டது. அவள் மாமாவின் பேக்கரி மூடப்பட்டது. எல்லாக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அண்ணியின் கதவில் மட்டும் ஒட்டவில்லை. வாயால் சொல்லிவிட்டு வந்தாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் கை வைக்காதீங்க அண்ணி. நோட்டீஸ் வேண்டாம், ஊர் தப்பாப் பேசும்."

தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்ததும் அவளேதான்.

"வாயை நல்லாத் திறங்க."

"நாத்தனார் என்னை வாயைத் திறக்கச் சொல்ற காலமும் வந்துச்சே. உங்க அண்ணன் கேட்டா சந்தோஷப்படுவாரு."

"பேசாதீங்க, குச்சி உள்ள இருக்கு."

அண்ணி வாக்குத் தவறவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போன ஒரே ஆள், தடை போட்ட ஆள்தான்.

விடிந்தால் மேலதிகாரிகள் கூட்டம். நோயைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பற்றி இவளை மேடையில் பேசச் சொல்லியிருந்தார்கள். போட்டோ எடுப்பார்கள். புருவம் இரண்டும் காடாய்க் கிடந்தது. நடுவில் பழைய அடிக்கோடு எட்டிப் பார்த்தது.

"நீதானே யாருக்கும் கை வைக்காதேன்னே," என்றாள் அண்ணி.

"அது மத்தவங்களுக்கு அண்ணி. நான் யாரு?"

"நோய்க்குத் தெரியுமா நீ என் நாத்தனார்னு?"

"உங்களுக்கு ஒண்ணும் இருக்காது. பார்த்தாலே தெரியுது."

ஊரெல்லாம் போய் "பார்த்தா தெரியாதும்மா, பரிசோதனைலதான் தெரியும்" என்று தொண்டை வறளச் சொன்னவள் இவள். ஊருக்குத்தான் உபதேசம். அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கூடையிலிருந்து நூல் எடுத்தாள். மறுக்க மனசு வரவில்லை. அவளுக்கும் இரண்டு நாளாகக் கை சும்மா இருந்தது.

வலது புருவம் முடிந்தது. இடது பக்கம் பவுடர் போட்டு, சீலக்கா இரண்டு கையாலும் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி நூலைப் பல்லில் கடித்துக் குனிந்தாள். அப்போது கண்ணாடி மேஜையில் இருந்த போன் அடித்தது. சீலக்காவுக்குக் கை ஒழியவில்லை. அண்ணிதான் சுண்டுவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

பரிசோதனைக்கூடத்துப் பையன் உற்சாகமாகப் பேசினான். "மேடம், அந்த பார்லர்காரம்மா ரிசல்ட் வந்திருச்சு. கிருமி இருக்கு. நோயாளி இல்ல, சுமந்துக்கிட்டு மட்டும் இருக்காங்க. நீங்க எதுக்கும் அந்தப் பக்கம் போயிடாதீங்க மேடம்."

அண்ணியின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நூல் இன்னும் பல்லில்.

அடுத்து நடந்தது மூளை செய்ததல்ல, இருபது வருஷ உத்தியோகம் செய்தது. சீலக்கா நாற்காலியை உதறிக்கொண்டு எழுந்தாள். கை வாயையும் மூக்கையும் பொத்தியது. கால்கள் பின்னாலேயே நடந்து கதவு வரை போயின. முதுகு ஷட்டரில் இடித்து, அது கடகடவென்று சத்தம் போட்டது. அங்கேயிருந்து, பொத்திய கைக்குள்ளிருந்து, "அண்ணி, அங்கேயே நில்லுங்க" என்றாள்.

அண்ணி நின்றாள். வாயிலிருந்து நூலை எடுத்தாள். விரலில் சுற்றினாள். சுற்றி முடித்தும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பக்கம் இருக்கு," என்றாள், மெதுவாக.

"வேண்டாம் அண்ணி."

"நான் கேட்கல. சொன்னேன்."

புகைக்காரரைப் போன் போட்டு வரவழைத்தாள் சீலக்கா. அவர் வந்து பார்த்தபோது மேடத்துக்கு ஒரு கண்ணுக்கு மேலே புருவம் வில்லாக வளைந்திருந்தது, இன்னொன்றுக்கு மேலே புதர். சிரிப்பு வந்தது, ஆனால் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது என்று அவர் சொல்கிறார். நூற்கண்டுகள், துண்டுகள், நாற்காலியின் மெத்தை எல்லாம் மூட்டை கட்டி எரிப்பதற்குப் போயின. கடைக்கு அரக்குச் சீல். மேல்வீட்டில் அண்ணி மருந்து சாப்பிட்டுக்கொண்டு தனியே இருக்க வேண்டும். நோட்டீசை ஒட்டும்போது சீலக்காவின் கையிலிருந்து பசை டப்பா இரண்டு தடவை விழுந்தது. அண்ணி மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண அதிகாரி கதையை முடித்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இருவருக்குத்தான் தெரியும். ஒரு புருவத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சீலக்கா நேராக நகராட்சி டாக்டருக்குப் போன் செய்தாள்.

"சார், தொடர்புல வந்தவங்கள்ல இன்னும் ஒருத்தர் இருக்காங்க."

"யாரு?"

"நான்."

டாக்டர் கோப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நீங்க போட்ட தடையை நீங்களே மீறியிருக்கீங்க. நோட்டீசும் ஒட்டல."

"ஆமா சார்."

"புருவத்துக்காக."

"ஆமா சார்."

மேடை, போட்டோ எல்லாம் வேறொருவருக்குப் போயின. மெமோ இவளுக்கு வந்தது. கூடவே தன் கையாலேயே தன் கதவிலும் ஒரு நோட்டீஸ். ஊரில் சீலக்காவுக்கே சீல் விழுந்த அந்த நாளைப் பேக்கரிக்காரர் இன்னும் ரசித்துச் சொல்வார்.

இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைப்பது புகைக்காரர் வேலை. சீலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"உப்பு கம்மின்னாங்க."

"வேற?"

"நேத்தும் கம்மின்னாங்க."

"என்னைப் பத்தி ஏதாவது?"

புகைக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். தலையைச் சொறிந்தார். "உங்களைப் பத்தி உப்பு இருக்கா இல்லையான்னு ஒண்ணும் சொல்லலீங்க."

போன் போட்டால் அண்ணி எடுப்பதில்லை. கப்பலிலிருந்து அண்ணன்தான் பேசினார். பின்னால் எந்திரம் இரைந்தது. "அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. நீயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற. நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"நீ கடல்லயே நில்லுண்ணா. அதுதான் உனக்கு நல்லது."

கழுவுகிற இடத்தில் கையகலக் கண்ணாடி ஒன்று தொங்கியது. அவள் அதில் அடிக்கடி பார்த்தாள். பக்கத்து மருந்துக்கடையில் சொன்னால் முடி பிடுங்கும் இடுக்கி வாசலுக்கே வந்துவிடும். இன்னொரு பக்கத்தைத் தானே சரி செய்துகொள்ளலாம். செய்யவில்லை. அவள் பார்த்தது இடது பக்கத்துப் புதரை அல்ல, வலது பக்கத்து வில்லை. அதன் கீழ் ஓரத்தில் புள்ளி புள்ளியாக முடி திரும்பவும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. சவரம் செய்த கன்னத்தில் வளர்வது போல, கூச்சமில்லாமல், நாளுக்கு நாள். அண்ணியின் கை கடைசியாகச் செய்த வேலை அவள் முகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வளரட்டும் என்று தலைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். இவள் வளராதே என்று ஒரு புருவத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தூங்கப் போகும்போது அந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். தன் விரல் தன் விரல்தான். அதில் ஒன்றும் இல்லை.

அவளுக்குக் கிருமி இல்லை என்று வந்தது. அண்ணிக்கும் மருந்தில் போய்விட்டது. அடுத்தடுத்து எடுத்த பரிசோதனை இரண்டும் சுத்தம். பார்லருக்கு வந்துபோன பெண்களில் வேறு இரண்டு பேர் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் பிடித்து மருந்து கொடுத்தார்கள். நோய் அதோடு நின்றது. அதாவது, சீலக்கா செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. சரியாகச் செய்துவிட்டு இவ்வளவு வருத்தப்பட்ட அதிகாரியை நகராட்சி அதற்கு முன் பார்த்ததில்லை.

சீலை உடைக்க அவளே போனாள். அரக்கைச் சுரண்டி எடுத்து, ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். உள்ளே மருந்து வாடை. மெத்தை போன நாற்காலி எலும்புக்கூடாக நின்றது. அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் துடைப்பம்.

"வாங்க," என்றாள். "அதிகாரிக்கு எங்கெங்க பார்க்கணும்?"

இத்தனை வருஷத்தில் அண்ணி அவளை வாங்க என்று சொன்னதே இல்லை. மெமோ படித்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

"அண்ணி, நான் சீல் வச்சது..."

"சீல் வச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. வைக்கத்தான் வேணும். நீ வைக்கலன்னா நானே உன்னைத் திட்டியிருப்பேன்." துடைப்பம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கியது. "வாயைப் பொத்திக்கிட்டு பின்னாடியே போனே பாரு. கதவு இடிக்கிற வரைக்கும்."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணணும் அண்ணி."

"தெரியும். சரியாத்தான் பண்ணே. யாரா இருந்தாலும் பண்றதை என்கிட்டயும் பண்ணே. அதுதான்."

சீலக்கா தான் சுரண்டிய அரக்குத் துணுக்குகளைக் குனிந்து பொறுக்கினாள்.

அதோடு முடிந்திருந்தால் காலம் ஆற்றியிருக்கும். ஆனால் டாக்டர் அவளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். நோய் எப்படிப் பரவியது, இனி பரவாமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதித் தர வேண்டும். அவள் நேர்மையாக எழுதினாள். பல்லில் நூலைக் கடித்துப் புருவம் எடுக்கும் முறை ஆபத்தானது. எச்சில் நூலில் இறங்குகிறது, மூச்சு முகத்தில் படுகிறது. இனி ஊரிலுள்ள எந்தப் பார்லரிலும் நூலை வாயில் வைக்கக் கூடாது, முனையைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், முகமூடி போட வேண்டும். ஆணையர் கையெழுத்துப் போட்டார். தடை உத்தரவு ஒவ்வொரு பார்லர் சுவரிலும் தொங்கியது. அண்ணியின் சுவரிலும்.

அண்ணி கழுத்தில் நூல் கட்டப் பழகினாள். ஆரம்பத்தில் வாடிக்கைக்காரிகளின் புருவம் ஆச்சரியக்குறி மாதிரி நின்றது. ஊரே எதையோ கேட்டுத் திகைத்துப் போனது போல ஒரு மாதம் நடமாடியது. பிறகு கை பழகிவிட்டது. கடையில் பழையபடி கூட்டம்.

உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க சீலக்கா வருவாள். சுவரோரம் பெஞ்சில் உட்காருவாள். புது மெத்தை போட்ட நாற்காலியில் ஒருத்தி மாற்றி ஒருத்தி சாய்வார்கள். அண்ணியின் கட்டைவிரல் ஒவ்வொரு நெற்றியிலும் எரிச்சலைத் தடவிவிடும். பார்த்துக்கொண்டே இருப்பாள். சோதனைக்குப் பத்து நிமிஷம் போதும். அவள் உட்காரும் நேரத்தில் ஒரு நகராட்சியையே சோதித்து முடித்துவிடலாம். இரண்டு புருவமும் இப்போது ஒரே மாதிரி காடாகிவிட்டன. நடுவில் அடிக்கோடும் வந்துவிட்டது. வேறு பார்லருக்குப் போகலாம். போனால் அங்கே எழுந்து நிற்பார்கள்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லை. அண்ணி பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

"மூஞ்சியைப் பாரு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆயிட்டே."

திரும்பவும் பழைய கேலி. சீலக்கா பெஞ்சின் நுனிக்கு வந்தாள்.

"உனக்கு ஒரு புருவம் பாக்கி வச்சிருக்கேன்," என்றாள் அண்ணி. "மறக்கல."

சீலக்கா எழுந்தே விட்டாள். "இப்ப பண்ணிடலாமா அண்ணி? ரெண்டும் பண்ணணும், வளர்ந்துருச்சு."

"ரெண்டு இல்ல. ஒண்ணு. வலது பக்கத்துக்கு முடிச்சுக் குடுத்துட்டேன், அது வளர்ந்தா என் குத்தமில்ல. இடதுதான் பாக்கி." கழுத்தில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். "ஆனா இப்படி இல்ல. எப்படி விட்டேனோ அப்படித்தான் தொட்டு முடிப்பேன். பல்லுல வச்சு. மூஞ்சிக்குப் பக்கத்துல வந்து. நீ பின்னாடி போகக் கூடாது."

சீலக்கா சுவரைப் பார்த்தாள். சுவரில் அவள் எழுதிய உத்தரவு, ஆணையர் கையெழுத்தோடு தொங்கியது.

"அது தடை அண்ணி."

"தெரியும். தினமும் அதுல ஒட்டடை அடிக்கிறேன்."

"ஒரு தடவைன்னா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். 'அது மத்தவங்களுக்கு, நான் யாரு' என்று ஒரு முறை இதே கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணிக்கும் வந்திருக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "உன்னை மறுபடி மெமோ வாங்க வைக்க மாட்டேன். தடையை எடு. அன்னிக்கு வா. நான் எங்க போயிடப் போறேன்?"

"எடுத்தா நோய் வருமே."

"அப்ப எடுக்காத."

இரண்டுமே சரி. அதுதான் சங்கடம். அண்ணி சிரித்தாள். மனசாரச் சிரித்தாளா, கோபத்தோடு சிரித்தாளா என்று கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. நூலை மறுபடி கழுத்தில் கட்டிக்கொண்டாள். அடுத்த வாடிக்கைக்காரி உள்ளே வந்தாள்.

அந்தத் தடைக்கு ஆயுள் ஆறு மாதம். முடியும்போது நீட்டிக்கலாமா என்று பரிந்துரை எழுத வேண்டியவள் சீலக்காதான். ஒவ்வொரு முறையும் கோப்பு அவள் மேஜைக்கு வரும்போது, பேனாவை மூடி வைத்துவிட்டு இடது புருவத்தை விரலால் நீவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று புகைக்காரர் சொல்கிறார். பிறகு குனிந்து எழுதுகிறாள்: நீட்டிக்கலாம்.

வலது புருவம் கணக்கில் தீர்ந்துவிட்டது. இடது இன்னும் பாக்கி.